பத்துத் தோட்டாக்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழா மலரில் மறுபதிப்புச் செய்வதற்கென, நம் வட்டத்தின் முதல் தொகுப்பில் வெளிவந்த என் கவிதையொன்றைச் செயலாளர் தேர்ந்தெடுத்திருந்தார். எழுதுகோலைத் துப்பாக்கியாகவும் சொற்களைத் தோட்டாக்களாகவும் உருவகித்து நான் எழுதிய கவிதை அது. அரங்கில் படித்தபோது கைதட்டல் பெற்றது; சிலர் என்னைக் காணும்போதெல்லாம் அதன் கடைசி அடியைச் சொல்லி வாழ்த்துவதும் உண்டு. அக்கவிதையை மலரிலிருந்து விலக்கிவிடுமாறு இரண்டு திங்களுக்கு முன் கடிதம் எழுதினேன். செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "ஏனம்மா, நல்ல கவிதையாயிற்றே!" என்றார். "விழாவில் சொல்கிறேன் ஐயா" என்றேன். அச்சொல்லைக் காப்பாற்றவே இம்மேடையில் நிற்கிறேன்.

திருக்குறளில் துப்பாக்கி உண்டா என்று வகுப்பில் மாணவியரைக் கேட்பது தமிழாசிரியர்களுக்கு ஒரு விளையாட்டு. உண்டு என்பதே விடை. வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளில் அந்த எழுத்துகள் அப்படியே அமர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே அவற்றின் பொருள் 'உணவை உண்டாக்கி' என்பது. துப்பு என்றால் உணவு. மழை உணவை விளைவித்து, தானும் உணவாகிறது என்கிறார் வள்ளுவர். நாம் இன்று ஆயுதத்திற்கு வழங்கும் பெயரோ துருக்கிய மொழியிலிருந்து வந்து சேர்ந்தது என்பர். ஒலியால் ஒன்றுபட்டும் பொருளால் முற்றிலும் விலகியும் நிற்கும் இரு சொற்கள். இருபதாண்டுகளாக இதைச் சொல்லி மாணவியரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவ்விரண்டு பொருளும் ஒரே நாளில் என் எதிரே வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் குடும்பத்தாரோடு வியட்நாம் சென்றிருந்தேன். நம் நகரத்தார் பெருமக்கள் சைகோன் என்று வழங்கிய மாநகரம் 1976 முதல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் பெற்றிருக்கிறது. அந்நகரின் வடமேற்கே கூச்சி என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே பென் டுவோக் என்னுமிடத்தில் போர்க்காலச் சுரங்கங்களைக் காட்டுகிறார்கள். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த காலத்தில், 1940களின் இறுதியில், உழவர்கள் கைக்கருவிகளால் தோண்டத் தொடங்கிய சுரங்கங்கள் அவை. அமெரிக்கப் போரின்போது அவை மூன்றடுக்காக ஆழ்ந்து, இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டன. தோண்டிய மண்ணைக் குண்டுகள் விழுந்த பள்ளங்களிலும் ஓடைகளிலும் கொட்டி மறைத்தார்கள். காற்றுத் துளைகளைக் கறையான் புற்றுகள் போல் அமைத்தார்கள். சமைக்கும் புகை ஒரே இடத்தில் எழாதவாறு நீண்ட மண்வாய்க்கால்களின் வழியே சிதறவிட்டு, விடியற்காலைப் பனியோடு கலக்கச் செய்தார்கள். 1966இல் அமெரிக்கக் காலாட்படையின் 25ஆம் பிரிவு கூச்சியில் பாசறை அமைத்தபோது, தங்கள் காலடியில் ஓர் ஊர் இருப்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இவற்றையெல்லாம் எங்களுக்கு விளக்கிவந்த வழிகாட்டி, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மரங்களின் நிழலில் நின்று அவர் பேசிக்கொண்டிருக்கையில் தொலைவில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்டது. ஒற்றை ஒற்றையாக வெடித்தது. பின்பு சரம் போல் தொடர்ந்தது. பழைய போரின் சூழலை உண்டாக்க ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணினேன். எங்களோடு வந்த மற்றவர்களும் அவ்வாறே எண்ணியிருக்க வேண்டும். ஒருவர் கேட்டேவிட்டார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "பதிவு இல்லை, உண்மையான துப்பாக்கிதான். சுடுபவர்கள் உங்களைப் போன்ற விருந்தினர்கள்" என்றார்.

சுரங்கப் பாதையின் அருகிலேயே சுடுதளம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் எவரும் பணம் செலுத்திச் சுடலாம். இத்தகைய தளங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலும், ஹவாய், குவாம் தீவுகளிலும் சுற்றுலா வருவோருக்கென்றே சுடுதளங்கள் நடக்கின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் துப்பாக்கியைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்ட ஜப்பானியர் அத்தீவுகளுக்குச் சென்று சுடுவது நெடுநாள் வழக்கம். நம் நாட்டிலும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. என் மாணவியருள் தேசிய மாணவர் படையில் சேர்ந்து புள்ளி இருபத்திரண்டு துப்பாக்கியால் சுட்டவர்கள் சிலர் உண்டு. எனக்கோ திருவிழாக் கடையில் பலூன் சுட்ட பழக்கம் மட்டுமே. ஊரில் கிட்டாதது வெளியூரில் விலைக்குக் கிடைத்தால் கை நீளுகிறது. அது மனித இயல்பு. அவ்வியல்பு எனக்கும் இருந்தது.

ஒரு கூடத்தில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். இரு தரப்பினரும் ஏந்தியவை அங்கே அருகருகே கிடக்கின்றன: சோவியத் நாட்டில் பிறந்த ஏ.கே. 47, அமெரிக்கரின் எம் 16, இயந்திரத் துப்பாக்கிகள். உணவகத்தில் விலைப்பட்டியல் எழுதுவது போல், ஒரு தோட்டாவுக்கு இத்தனை ஆயிரம் டோங் என்று எழுதியிருக்கிறார்கள். குறைந்தது பத்துத் தோட்டாக்கள் வாங்க வேண்டும். என் தங்கை மகன் ஏ.கே. 47ஐக் காட்டி, "பெரியம்மா, உங்க கவிதையில வர்றது இதுதானே?" என்றான். அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆயினும் நான் பத்துத் தோட்டாக்களுக்குப் பணம் கட்டினேன்.

சுடும் இடம் பதுங்குகுழி போல் தாழ்ந்திருந்தது. துப்பாக்கியை ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். அக்கம்பக்கம் திருப்ப இயலாது. அவ்வாறு பூட்டியிருப்பதன் அருமை எனக்குப் பின்னர்தான் விளங்கியது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சுற்றுலா வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தானியங்கித் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். தொடர்ந்து சுட்ட வேகத்தில் குழல் மேலெழுந்து திரும்பியது. அருகில் நின்று கற்பித்தவரே உயிரிழந்தார். கூச்சியில் என்னருகே நின்ற பணியாளர் பேச்சில் சிக்கனமானவர். காதுகளை மூடும் கவசத்தை எனக்கு அணிவித்தார். தோட்டாக்களை அவரே நிரப்பினார். கட்டையைத் தோளோடு சேர்த்து அழுத்தச் செய்தார்.

முதல் தோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். கவசத்தையும் மீறி ஓசை நெஞ்சுக்கூட்டில் அறைந்தது. சட்டத்தில் பூட்டியிருந்தும் அதன் உதை தோளில் இறங்கியது. இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் எங்கே சென்றனவோ, பின்னாலிருந்த மண்மேட்டில் புழுதி எழுந்ததைத்தான் கண்டேன். அப்போது அப்பணியாளர் குனிந்து, விரலால் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அவையோரே, இவ்வுரையின் உயிர்நிலை அவர் காட்டிய அந்த ஒன்றில்தான் இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

துப்பாக்கியில் கண்ணுக்கு அருகே ஒரு சிறு வெட்டு இருக்கும். குழலின் நுனியில் ஒரு சிறு முனை நிற்கும். வெட்டின் நடுவே முனையை நிறுத்தி, அம்முனையைக் குறியின்மேல் வைக்க வேண்டும். வெட்டு, முனை, குறி மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். ஆனால் மனிதக் கண்ணால் ஒரே வேளையில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காண இயலும். மூன்றில் எதைத் தெளிவாகக் காண்பது? நான் குறியைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தவறியது. குழல் நுனியில் இருக்கும் முனையைத்தான் தெளிவாகப் பார்க்க வேண்டும். எதிரே இருக்கும் குறி மங்கலாகத் தெரிய வேண்டும். அந்தப் பணியாளர் முனையைத் தொட்டு, "இதைப் பார்" என்றார். தொலைவில் இருந்த குறியைக் காட்டிக் கையை இடமும் வலமும் அசைத்து, "அது மங்கட்டும்" என்பதுபோல் குறிப்புணர்த்தினார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்தச் சொன்னார்.

அவர் சொன்னபடி செய்தேன். ஐந்தாவது தோட்டா இலக்கில் பட்டது. ஆறாவதும் பட்டது. ஏழாவது தவறிற்று. எட்டும் ஒன்பதும் பட்டன. பத்தாவது தவறிற்று. பத்தில் நான்கு! நான் குழந்தை போல் கைகொட்டிச் சிரித்தேன். தங்கையை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். முனைவர் பட்டம் பெற்ற நாளில்கூட அவ்வளவு மகிழ்ந்தேனா என்பது ஐயமே. இதை மறைத்துவிட்டுத் தொடக்கம் முதலே வருந்தியதாகச் சொன்னால் இவ்வுரை பொய்யாகிவிடும். நினைவுக்கென்று கீழே கிடந்த வெற்றுத் தோட்டாக்கூடு ஒன்றை எடுத்தேன். அது கையைச் சுட்டது. கீழே போட்டுவிட்டேன்.

வெளியே வழிகாட்டிப் பெண் காத்திருந்தார். "எத்தனை?" என்று விரல்களைக் காட்டிக் கேட்டார். "நான்கு" என்றேன். பாராட்டினார். பேச்சுவாக்கில், இவ்வோசை உங்களுக்குப் பழகிவிட்டதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எங்கள் நாட்டில் புத்தாண்டுக்குப் பட்டாசு வெடிப்பது 1995 முதல் தடைசெய்யப்பட்டது. நான் பிறந்தபோது அவ்வோசை இல்லை. இந்த ஓசையைத்தான் நாள்தோறும் கேட்கிறேன். எனக்குப் பழகிவிட்டது. என் பாட்டிக்குத்தான் பழகவில்லை. அவர் இந்தச் சுரங்கத்தில் இருந்தவர். ஒருமுறை அழைத்துவந்தேன். ஓசை கேட்டதும் மரத்தடியில் அமர்ந்துவிட்டார். 'யார் சுடுகிறார்கள்?' என்று கேட்டார். விருந்தினர்கள் என்றேன். 'எதைச் சுடுகிறார்கள்?' என்று கேட்டார். பலகையை என்றேன். 'பலகைக்குப் பின்னால் யார்?' என்று கேட்டார்."

அவர் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மற்றச் செய்திகளைச் சொன்ன அதே இனிய குரலில்தான் சொன்னார். நான் மறுமொழி சொல்ல இயலாமல் நின்றேன்.

அங்கிருந்து எங்களை ஒரு நினைவாலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அவ்வட்டாரப் போர்களில் உயிர்நீத்தவர்களின் பெயர்களை அங்கே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். நாற்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். சுவர் முழுவதும் பெயர்கள். திரும்பினால் மீண்டும் பெயர்கள். நமக்கு நடுகல் புதிதன்று. வீழ்ந்தவனைப் பெயரோடு கல்லில் நிறுத்துவது நம் முன்னோர் மரபு. புறப்பாடல்களை நடத்தும்போது கரும்பலகையில் நடுகல் வரைந்து காட்டியவள் நான். ஆயினும், பத்து நிமிடங்களுக்கு முன்பு மங்கலாக்கிப் பார்த்துவிட்டு வந்த கண்களால் அப்பெயர்களை நான் படிக்க நேர்ந்தது. எனக்கு அம்மொழி தெரியாது. எழுத்துகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு பெயரையும் கூட்டிக்கூட்டிப் படித்தேன். ஒரு வரிசையை முடிப்பதற்குள் வண்டி புறப்படும் நேரமாகிவிட்டது. வெளியே சுடும் ஓசை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"சுடுவது ஒரு விளையாட்டுத்தானே, அதில் என்ன குற்றம்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பொற்பதக்கம் வென்றதும், 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றதும் நமக்குப் பெருமையே. பத்து மீட்டர் தொலைவில், மிகச் சிறிய புள்ளியை நோக்கி அவர்கள் சுட்டார்கள். அது தம் மூச்சையும் நாடித்துடிப்பையும் அடக்கும் தவம். அங்கே எதிரே இருப்பது உண்மையிலேயே ஒரு தாள்தான். எவருக்கும் பதிலாக நிற்கும் தாளன்று. அக்கலையை நான் குறைசொல்லவில்லை. போர் நடந்த மண்ணில், போரிட்ட துப்பாக்கி வகையை, போரின் நினைவைச் சுவைப்பதற்காகவே எடுத்தேனே, என் குற்றம் அது.

நம் மரபிலும் குறி தவறாத வில்லாளிகளைப் பாடியிருக்கிறார்கள். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்த செய்தியை இருபதாண்டுகளாக வியந்து வியந்து நடத்தியிருக்கிறேன். ஊர் திரும்பியபின் அப்பாடலை மீண்டும் எடுத்தேன். இதுவரை நான் விரைந்து கடந்துவிட்ட ஓரிடத்தில் கண் நின்றது. பாணர்கள் தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது, அந்த வேட்டுவன் நாணினான் என்கிறார் புலவர். பின்பு அவர்களுக்கு உணவும் பொருளும் கொடுத்து அனுப்புகிறான். அம்பின் திறத்தோடு பாடல் முடிந்துவிடவில்லை. எய்தவனின் நாணத்தையும், எதிரே பசித்து நின்றவர்களை அவன் கண்டுகொண்டதையும் சேர்த்தே பாடுகிறது. நான் பத்தில் நான்கு என்று விரல் காட்டிச் சிரித்ததை நினைத்துக்கொண்டேன்.

கவிஞர் பெருமக்களுக்கு இன்னொரு செய்தி. நான் சுட்ட துப்பாக்கி வகையை வடிவமைத்த மிகயீல் கலாஷ்னிகோவ் இளமையிலேயே கவிதை எழுதியவர். இறுதிவரை எழுதிக்கொண்டும் இருந்தார். 1941இல் போரில் காயமுற்று மருத்துவமனையில் கிடந்தபோதுதான் ஆயுதம் வடிவமைக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 2013 டிசம்பரில், தமது 94ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் ருஷ்யத் திருச்சபையின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றை 2014 ஜனவரியில் அந்நாட்டு நாளிதழ் வெளியிட்டது. தம் துப்பாக்கி உயிர்களைப் பறித்ததென்றால், அது பகைவரின் உயிரேயாயினும், அச்சாவுகளுக்குத் தாம் பொறுப்பாளியா என்று அவர் அதில் கேட்டிருந்தார். கவிதை எழுதிய கை, துப்பாக்கியையும் செய்து, கடைசியில் இந்தக் கேள்வியையும் எழுதியது. அவர் கேட்ட கேள்வியை, ஒரு துப்பாக்கியும் செய்யாமல் சொல்லால் மட்டும் அதைச் சுமந்து திரியும் நாம் ஏன் கேட்டுக்கொள்ளக் கூடாது?

நம் வட்டத்தின் பத்தாண்டுத் தொகுப்புகளை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். எழுதுகோல் துப்பாக்கியாகாத தொகுப்பு ஒன்றுகூட இல்லை. சொல் தோட்டாவாகிறது, கவிஞன் குறி பார்க்கிறான், கொடுமை மார்பில் அடிபட்டு வீழ்கிறது. வழிகாட்டி நானேதான், முதல் தொகுப்பிலேயே தொடங்கிவைத்தவள் நான். அக்கவிதையில் நான் யாரைச் சுட்டேன் என்று இப்போது தேடினேன். 'ஆதிக்கம்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முகம் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. என் எழுதுகோலின் முனை மட்டும் அதில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. எதிரே இருப்பது மங்கலாக இருக்கிறது. கூச்சியில் அந்தப் பணியாளர் கற்பித்ததைப் பத்தாண்டுகளுக்கு முன்பே நான் கவிதையில் செய்து பழகியிருக்கிறேன்!

துப்பாக்கி என்னும் சொல்லே கவிதைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஈழத்துக் கவிஞர்கள் துப்பாக்கியைத் தேடிச் சென்று உருவகமாக்கியவர்கள் அல்லர். அது அவர்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றது. நின்றதை நின்றவாறு எழுதினார்கள். அவர்கள் கவிதைகளில் யார் வீழ்ந்தார், எந்தத் தெருவில் வீழ்ந்தார், அன்று வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பவை துலங்குகின்றன. அங்கே ஆயுதம் மங்குகிறது, மனிதர் தெளிகிறார்கள். கவிதையின் கண் அவ்வாறு பார்ப்பது. நானோ பணம் கட்டிப் பத்துத் தோட்டா வாங்கியவள். பணம் கட்டாமலே பத்தாண்டு அச்சொல்லைச் செலவழித்தவளும் நானே.

ஆகவே செயலாளர் ஐயா அவர்களே, அக்கவிதையை விலக்கிக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான். மற்றவர் கவிதைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடுத்த முறை எழுதுகோலை ஆயுதமாக்கும்போது, அதன் எதிரே நிற்பவர் யார் என்பதை ஒரு வரியேனும் எழுதிப் பாருங்கள் என்று மட்டும் இளங்கவிஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத முடிந்தால் கவிதை நிற்கும். முடியாவிட்டால், நாம் சுடுவது மண்மேட்டை என்று அறிந்துகொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். கூச்சியில் சுரங்கங்களைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், அவித்த மரவள்ளிக் கிழங்கை வருவோர்க்கெல்லாம் கொடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த நிலக்கடலைப் பொடியும் எள்ளும் உப்பும் கலந்து வைக்கிறார்கள். சுரங்கத்தில் வாழ்ந்தவர்களை உயிரோடு வைத்திருந்த உணவு அது. நம் வீட்டு மரவள்ளியின் அதே மணம். வழிகாட்டிப் பெண் என் தட்டில் இன்னொரு துண்டு வைத்து, "என் பாட்டிக்கு இது மிகவும் பிடிக்கும். இங்கே வந்தபோது அவர் ஓசை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு உண்டார்" என்றார். நான் காத்திருந்தேன். அன்று ஓசை அடங்கவில்லை. கிழங்கை ஓர் இலையில் பொதிந்து எடுத்துவந்து, வண்டி நெடுந்தொலைவு வந்தபின் உண்டேன்.

என் கவிதைக்கு ஒதுக்கியிருந்த பக்கம் மலரில் வெறுமையாக இருக்குமே என்று செயலாளர் கவலைப்பட்டார். அப்பக்கத்தில் இவ்வுரையை இட்டுக்கொள்ளலாம். பக்கம் சற்றுக் கூடுதலாகும், பொறுத்தருள்க.